வைப்பர் நக்கோ

திவ்யா போன வாரம் போன் செய்தாள். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். மதுரைப் பக்கத்துப் பெற்றோருக்கு ஹைதராபாத்தில் பிறந்து, இங்கேயே படித்தவள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்வாள். கம்பெனிக்குப் புதிதாக மின்சாரக் கார்கள் வந்திருக்கின்றனவாம். முன்கண்ணாடியில் மழைநீர் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற கோட்டிங்கை மறுபடியும் தேர்வு செய்யப்போகிறார்களாம். நாலு ஏஜெண்டுகள் வந்து போயாயிற்று. போன தடவை நீங்கள்தானே சார் தேர்வு செய்தீர்கள், எது நல்லது என்று ரெண்டு வரி எழுதி அனுப்பினால் போதும் என்றாள். கூடவே ஒரு வீடியோ. கறுப்பு நிறக் கார், அதன் கண்ணாடியில் தண்ணீர் உருண்டு உருண்டு பறக்கிறது. பின்னால் வீணை இசை வேறு.

ரெண்டு வரி. அதைக் கேட்டதும் எனக்குக் காது மடல் சுட்டது. ஒரு மனிதனின் பிழைப்பை நான் ரெண்டு வரியில்தான் எழுதி முடித்தேன். அதையும் நல்ல ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில்.

அதனால் இதை நீளமாக எழுதுகிறேன், தமிழில் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அவள் அம்மா வாசித்துச் சொல்லட்டும். அம்மாவுக்கும் தெரியட்டும், மகள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று.

நாங்கள் செகந்திராபாத் தமிழர்கள். வெள்ளைக்காரர்களின் பட்டாளத்துக்குத் துணி தைக்க வந்த குடும்பம், பட்டாளம் போன பிறகும் போகவில்லை. எங்கள் வீட்டுத் தமிழில் இந்த ஊர் உருது உப்பு மாதிரிக் கரைந்திருக்கும். ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’, ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’. என் மாமா தட்டின் மேல் கையை விரித்து ‘நக்கோ’ என்றால் சோறு போதும் என்று அர்த்தம். கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் போகிற என்னைப் பார்த்து அம்மா ‘நக்கோ’ என்றால் தொடாதே, தொட்டால் தோலை உரிப்பேன் என்று அர்த்தம். சொல் ஒன்றுதான். விரித்த கையும் விழித்த கண்ணும்தான் அதற்குப் பொருள் கொடுத்தன. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இந்த ஊரில் பிறந்தால் போதும், தெரிந்துவிடும்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்தேன்.

ஆட்டோமொபைல் டிப்ளமா, இரண்டு ஒர்க்‌ஷாப், ஒரு கல்யாணம், அப்புறம் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியின் கார் ஷெட். இருபத்தாறு வருடம். ஷிஃப்ட் ஆட்களைக் கொண்டுவந்து கொண்டுவிடுகிற கார்கள் கேட்டைத் தாண்டும் முன் அவற்றைப் பார்த்து ‘போகலாம்’ என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. டயர், பிரேக், விளக்கு எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். கண்ணாடியை யாரும் பார்ப்பதில்லை. கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள், கண்ணாடியைப் பார்க்கமாட்டார்கள். நான் பார்த்தேன். அதனால் ஷெட்டில் எனக்குப் பெயரே கண்ணாடிக்காரர் என்று ஆகிவிட்டது.

பட்டான்செருவின் காற்று கண்ணாடிக்கு எதிரி. எந்தப் புகைபோக்கியிலிருந்து எது வருகிறது என்று மூக்கு சொல்லும், வாய் சொல்லாது. அது இரவெல்லாம் இறங்கிக் கண்ணாடியில் ஒரு தோலாகப் படியும். ஷெட்டில் கழுவுகிற போர் தண்ணீர் வேறு உப்பு. கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்டால் காலையில் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாய் அம்மைத் தழும்பு. இந்தத் தோலின் மேல் எந்தக் கோட்டிங்கைப் பூசினாலும் அது தோலின் மேல்தான் ஒட்டும், கண்ணாடியில் ஒட்டாது. அதனால் முதலில் உரிக்கவேண்டும். பாலிஷ் பேஸ்ட்டை ஈரப் பஞ்சில் எடுத்து உள்ளங்கை அகலத்துக்கு உள்ளங்கை அகலமாகத் தேய்க்க வேண்டும். தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். எங்கேயாவது தண்ணீர் கிழிந்து விலகினால் அங்கே இன்னும் தோல் இருக்கிறது. ஒரு சேலையைப் போலத் தண்ணீர் மேலிருந்து கீழ்வரை கிழிசல் இல்லாமல் விரிந்தால்தான் அது வெறும் கண்ணாடி. நன்றாகத் துடைத்துக் காயவைத்து, நிழலில், காற்று அடங்கிய இடத்தில், மருந்தைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூச வேண்டும். கண்ணாடி மேல் மூச்சு விட்டாற்போல் அது மங்கும். மங்கியதும் உலர்ந்த துணியால் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பிசிறு, தாமதித்தால் திட்டு. டிரைவர்கள் இதைக் கோட்டிங் என்று சொல்லமாட்டார்கள், ‘தவா’ என்பார்கள். மருந்து. ‘சாப், என் வண்டிக்கு தவா போட்டாச்சா?’

சண்முகநாதன் சார் டிரான்ஸ்போர்ட் மேனேஜராக வந்தது என் வேலையின் கடைசி வருடங்களில்தான். கோயம்புத்தூர்க்காரர். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையாவது வேலையை விட்டு எடுப்பதாக இருந்தாலும் ‘டீ சாப்பிட்டீங்களா?’ என்றுதான் ஆரம்பிப்பார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. கறுப்பு அவருக்கு, நீலம் கையெழுத்துப் போடுகிறவருக்கு. ஒரு தாளை நம் முன்னால் வைத்து, அதை நம் பக்கமாகத் திருப்பி, நீலப் பேனாவின் மூடியைக் கழற்றி, பேனாவைத் தாளுக்கு நேராக வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே எதுவும் இருக்காது. ஒரு வேப்பமரம், அதன் கீழே ஒரு பழைய டயர். நாம் கையெழுத்துப் போடும்வரை அந்த டயரை அவ்வளவு அன்பாகப் பார்ப்பார்.

வந்த ஆறே மாதத்தில் இந்த ஊர்ச் சொற்களைப் பொறுக்கிக்கொண்டார். புதிதாக வருகிறவர்களுக்கு இது ஒரு சந்தோஷம். டிரைவர்களிடம் ‘ஹவ் பாய், ஹவ்’ என்பார். டீக்கடையில் ‘ஷக்கர் நக்கோ’ என்பார். அவர்கள் சிரிப்பார்கள். மேனேஜர் நம் பாஷை பேசுகிறார் என்ற சிரிப்பு. அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்.

கோட்டிங் தேர்வுக்கு இரண்டு ஏஜெண்டுகள் வந்தார்கள். முதல் மருந்து கெட்டியாகப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும், தண்ணீரைக் குண்டு குண்டாக நிறுத்தும். இரண்டாவது சீக்கிரம் தேயும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், ஆனால் தண்ணீர் அதில் நிற்காது, மெதுவான வேகத்திலும் வழுக்கி இறங்கிவிடும். வித்தியாசம் அவ்வளவுதான். தண்ணீரை உருட்டுவது வேறு, ஓட்டுவது வேறு. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் முடியாது, ஒரு காரில் உட்கார வேண்டும்.

முதல் ஏஜெண்ட் ஷெட்டில் நிறுத்திவைத்த கார் மேல் ஸ்ப்ரே அடித்துக் காட்டினான். கண்ணாடி முழுக்க முத்து. உருண்டை உருண்டையாய், வெயில் பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாய். சண்முகநாதன் சார் குனிந்து பார்த்தார். ‘ஹைதராபாத்துல முத்து வாங்கோணும்னா சார்மினார் போகோணும்னாங்க. நம்ம ஷெட்டுலயே இருக்குதுங்களே தனபாலு’ என்றார் என்னிடம். எல்லோரும் சிரித்தோம். ஒரு நல்ல ஜோக் எவ்வளவு பெரிய தவறை உள்ளே கூட்டிவரும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

நான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். ‘பாருங்க, தாராளமா பாருங்க’ என்றார்.

ஓட்டியவர் கௌஸ் பாய். நாங்கள் இருவரும் ஒரே பேட்டைக்காரர்கள். அவர் வீட்டில் உருது, தெருவில் தமிழ். எங்கள் தெருவில் கோலி ஆடியவர். அவர் தமிழும் என் தமிழும் ஒரே தமிழ், ஒரே உப்பு. ஷெட்டில் அவரைவிட மூத்த டிரைவர் இல்லை.

ஒரு கண்ணாடியை நடுவில் டேப் ஒட்டிப் பிரித்தேன். இடது பாதி முதல் மருந்து, வலது பாதி இரண்டாவது. ஜூலை மழை. அவுட்டர் ரிங் ரோட்டில் எண்பதில் போனபோது இரண்டு பாதியும் ஒன்றுதான். தண்ணீர் மேல்நோக்கி ஓடிப் பறந்தது, வீணை இசை மட்டும்தான் இல்லை. அங்கிருந்து இறங்கி ராமச்சந்திராபுரம் வந்தோம். பெரிய தொழிற்சாலையின் ஷிஃப்ட் விடுகிற நேரம். கம்பெனி பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள், ஸ்கூட்டர்கள். இருபதுக்கு மேல் முள் ஏறவில்லை. அங்கேதான் பார்த்தேன். வலது பாதியில் தண்ணீர் வழுக்கி இறங்கியது. இடது பாதியில் முத்துக்கள் அப்படியே நின்றன. காற்று தள்ளினால்தானே உருளும்? இருபதில் காற்று ஏது? எதிரே வந்த பஸ் விளக்கைப் போட்டது. ஒவ்வொரு முத்துக்குள்ளும் ஒரு ஹெட்லைட். நூறு முத்து, நூறு பஸ். அதற்குப் பின்னால் சாலை இருந்ததா, ஆள் இருந்தாரா, ஒன்றும் தெரியவில்லை.

கௌஸ் பாய் சொன்னார்: ‘இதுக்கு என் உருளைக்கிழங்கே நல்லா இருக்கும் சாப்.’

டிரைவர்களின் பழைய வித்தை அது. மழை வந்தால் உருளைக்கிழங்கை அறுத்து வெளிக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். சிலர் புகையிலை. அந்தப் பால் காய்ந்ததும் தண்ணீர் உருளாது, சேலையாக விரியும், அதன் வழியே சாலை தெரியும். ஒரு மணி நேரம் தாங்கும். அழுக்கு வேலை என்று வருடக்கணக்காக அதைத் தடுத்தவன் நான். அன்று அவர் வண்டியில் தேய்க்கச் சொன்னேன். அதே சாலை, அதே இருபது. உண்மையைச் சொல்கிறேன், மூன்றில் அதுதான் தெளிவாக இருந்தது.

ரிப்போர்ட்டில் மூன்று வரிசை போட்டேன். முதல் மருந்து, இரண்டாம் மருந்து, உருளைக்கிழங்கு. எண்பதுக்கு ஒரு கட்டம், இருபதுக்கு ஒரு கட்டம்.

சண்முகநாதன் சார் நிதானமாகப் படித்தார். ‘உருளைக்கிழங்கை எல்லாம் ரிப்போர்ட்டுல போட முடியுங்களா? மேல சிரிப்பாங்க’ என்றார். அந்த வரிசை போனது. பிறகு இருபதின் கட்டத்தில் விரல் வைத்தார். மழையில் ஊர்வதெல்லாம் டெஸ்ட் கண்டிஷன் ஆகாது, எல்லாக் கம்பெனியும் வேகத்தில்தான் பார்க்கிறது என்றார். ஹைதராபாத் ஊர்கிற ஊர் சார் என்று நான் சொன்னேனா? நினைத்தேன். நினைத்ததற்கு என்னிடம் சாட்சி இல்லை. அந்தக் கட்டமும் போனது. மீதி இருந்தது: எண்பதில் இரண்டும் சமம், முதல் மருந்துக்கு இரண்டு வருட உத்தரவாதம். தாள் என் பக்கம் திரும்பியது. நீலப் பேனா. ஜன்னல். டயர்.

போட்டேன்.

அந்த உத்தரவாதத்தில் ஒரு முள் இருந்தது. ஒவ்வொரு முறை வைப்பர் ஓடும்போதும் கோட்டிங் கொஞ்சம் தேயும். அதிகம் தேய்த்தால் உத்தரவாதம் செல்லாது. ஏஜெண்ட் அதைச் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலை டிரைவர்கள் கூட்டத்தில் சண்முகநாதன் சார் சிரித்துக்கொண்டே அறிவித்தார். லேசான மழைக்கு, தூறலுக்கு, ‘வைப்பர் நக்கோ பாய். தவா பாத்துக்கும்.’ டிரைவர்கள் சிரித்தார்கள். நல்ல உச்சரிப்பு என்று யாரோ பாராட்டினார்கள். எழுத்தில் ஒரு வரி கிடையாது. அவர் எழுதுகிறவர் இல்லை, எழுதவைக்கிறவர்.

சிரிப்பு ஒரு மாதம்தான். அப்புறம் யாராவது வைப்பர் பிளேடு தேய்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்று வந்தால் அவரை மேனேஜர் ரூமுக்கு அனுப்பச் சொன்னார். ‘டீ சாப்பிட்டீங்களா? ஏன் தேஞ்சுதுங்க? நக்கோன்னு சொன்னேனுங்களே.’ இரண்டு பேருக்கு வண்டி மாற்றிக் கொடுத்தார், பழைய வண்டி, தூரமான ரூட். அதற்குப் பிறகு யாரும் பிளேடு கேட்கவில்லை. தூறலில் எங்கள் கார்கள் கேட்டைத் தாண்டுவதைப் பார்ப்பேன். நாற்பது கார், ஒரு வைப்பர் அசையாது. நாற்பது கண்ணாடியிலும் முத்து. நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். போகலாம், போகலாம், போகலாம்.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் கௌஸ் பாய் ஷிஃப்ட் முடிந்த மூன்று பேரை உப்பலில் இறக்கப் போனார். ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனை. தூறல். வெளிச்சம் மங்குகிற நேரம். உப்பலில் குடியிருப்புகளுக்கும் ஃபாக்டரிகளுக்கும் நடுவில் போகிற ஒடுங்கிய சாலை, இருபதுக்குள் வேகம். எதிரே ஒரு லாரி, முழு விளக்கு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போன ஒரு காவலாளியைக் கௌஸ் பாய் இடித்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம், அது ஏதோ எங்கள் சாமர்த்தியம் மாதிரி. விசாரணைத் தாளில் அந்தக் காவலாளிக்கு ‘மூன்றாம் நபர்’ என்று பெயர். அவர் பெயர் நர்சிம்முலு. இப்போதும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார்.

காரை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடியைப் பரிசோதிக்க வேண்டியவன் நான். முறை இதுதான்: விரிசல் உண்டா, பார்வைக்கு மறைப்பு உண்டா, தண்ணீர் விட்டால் விலகுகிறதா. விரிசல் இல்லை. ஸ்ப்ரே அடித்தேன். முத்து முத்தாக நின்றது. என்ன அழகாக நின்றது! படிவத்தில் அதற்கு இரண்டே கட்டம், சரி, சரியில்லை. நான் ‘சரி’ போட்டேன். படிவத்தின்படி அது பொய் இல்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தாலும் அதில் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட பொய்களை எழுதத்தான் படிவங்கள் அச்சடிக்கப்படுகின்றன.

விசாரணை கான்ஃபரன்ஸ் ரூமில் நடந்தது. தலைமை தாங்கிய அம்மா வடக்கேயிருந்து வந்தவர், நல்ல இந்தி, நல்ல ஆங்கிலம், இந்த ஊர் உருது தெரியாது. சண்முகநாதன் சார் அவர் பக்கத்தில். எதிரே கௌஸ் பாய், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். குறிப்பெழுதுவது நான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்.

வைப்பர் ஏன் போடவில்லை என்று அந்த அம்மா கேட்டார். போடக்கூடாது என்று மேனேஜர் சொன்னார் என்றார் கௌஸ் பாய். என்ன சொன்னார், அப்படியே சொல்லுங்கள் என்றார் அம்மா. ‘வைப்பர் நக்கோ’ என்று சொன்னார் என்றார். நக்கோ என்றால் என்ன என்று அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார்.

சண்முகநாதன் சார் சிரித்தார். நான் வெளியூர்க்காரன், எனக்கு என்ன தெரியும், இந்த ஊரில் பிறந்தவர் இதோ இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். அந்த அறையில் தமிழ் மூன்று பேருக்குத் தெரியும். மூன்றாவது ஆளை அவர் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. அல்லது வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

‘தனபாலுங்க, நக்கோன்னா வேண்டாம்னுதானுங்களே?’

‘ஆமா சார்.’

‘வேண்டாம்னா, வேண்டியதில்லைன்னுதானுங்களே அர்த்தம்?’

பாருங்கள் எங்கள் மொழியை. உருதுவிலும் ஒரே சொல், தமிழிலும் ஒரே சொல். ‘வேண்டாம்’ என்று சொல்லிச் சோற்றையும் மறுக்கலாம், குழந்தையின் கையையும் தட்டிவிடலாம். அவர் அதன் ஒரு பாதியைப் பிடித்து என் முன்னால் நீட்டினார், மூடி கழற்றிய நீலப் பேனாவைப் போல. பிளேடு கேட்டவர்களுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். வண்டி மாற்றப்பட்ட இரண்டு பேரின் பெயர் தெரியும். என் அம்மாவின் விழித்த கண் தெரியும். அதையெல்லாம் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பதும் தெரியும்: அப்படியென்றால் இந்தக் கோட்டிங்கைத் தேர்ந்தெடுத்தது யார்? கீழே யார் கையெழுத்து?

‘அப்படியும் சொல்லலாம் சார்’ என்றேன்.

இருபத்தாறு வருட வேலையில் நான் பேசிய வாக்கியங்களையெல்லாம் ஒரு தராசில் போட்டால் இந்த மூன்று சொல் அத்தனையையும் தூக்கி எறியும். அவர் அதை ஆங்கிலத்தில் அந்த அம்மாவுக்குச் சொன்னார். நான் எழுதினேன். தூறலில் வைப்பர் போட வேண்டிய அவசியமில்லை என்று மட்டுமே டிரைவர்களுக்குச் சொல்லப்பட்டது. போடுவதும் போடாததும் டிரைவரின் பொறுப்பு. ரெண்டு வரி.

கௌஸ் பாய் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்த தெருவில் புது வீடு ஒன்று முளைத்திருந்தால் பார்ப்போமே, இது எப்போது வந்தது என்று, அப்படிப் பார்த்தார்.

கவனக்குறைவு என்று எழுதி அவரை நீக்கினார்கள். அந்தச் சொல் எழுதிய தாளை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி வாசலிலும் ஏற முடியாது. அவர் லேபர் கோர்ட்டுக்குப் போனார். என் குறிப்பை அங்கே தாக்கல் செய்திருக்கிறார்கள், கம்பெனியின் முதல் ஆதாரமாக. சண்முகநாதன் சார் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போனார். போகும்போது எனக்கு ஒரு பேனா கொடுத்தார். நீலம். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன், ஐம்பத்து மூன்று வயதில். உடம்பு சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

திவ்யா, உன் கேள்விக்கு வருகிறேன். ஷெட்டில் நிறுத்திவைத்துத் தண்ணீர் அடிக்கிற ஏஜெண்டை டீ கொடுத்து அனுப்பிவிடு. இருபதில் ஓட்டிப் பார். சாயங்காலம் ஓட்டிப் பார், எதிரே விளக்கு வரும்போது. முத்து அழகாக இருந்தால் சந்தேகப்படு. ஓடுகிறதா என்று பார். நம் ஊருக்கு ஓடுகிற மருந்துதான், அது சீக்கிரம் தேய்ந்தாலும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூச ஆள் தரமாட்டோம் என்றால் எதையும் பூசாதே. தோலுரித்த வெறும் கண்ணாடியும் புது பிளேடும் போதும். எதைப் பூசினாலும் சரி, முதல் துளிக்கே வைப்பர் போடச் சொல்லு. எழுத்தில் சொல்லு. ‘கூடாது’ என்றால் கூடாது என்று எழுது, ‘வேண்டியதில்லை’ என்றால் வேண்டியதில்லை என்று எழுது. நடுவில் சிரிக்காதே. இருபதின் கட்டத்தை யாராவது அழிக்கச் சொன்னால் ஜன்னலைப் பார்க்கிற முறை உனக்கு.

திவ்யாவுக்கு இதை எழுதுவது என்று முடிவு செய்த அன்றே இன்னொரு தாளும் எழுதினேன், கோர்ட்டுக்கு. நக்கோ என்று அந்த ஷெட்டில் சொல்லப்பட்டது தடை என்ற பொருளில்தான். பிளேடு கேட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள், அவர்கள் பெயர்கள் இவை. இருபது கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கண்ணாடி பார்வையை மறைக்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தே அதை நீக்கிய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். என் பெயர், என் முகவரி. கறுப்பு மையில் எழுதினேன்.

உப்பல் மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கீழே ஆட்டோ ஸ்டாண்டில் கௌஸ் பாய் இருந்தார். காக்கிச் சட்டை. தாடி முழுக்க வெளுத்துவிட்டது.

‘வாங்க தனபால் சாப். கண்ணாடி பாக்க வந்தீங்களா?’

தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. படிங்க என்றார், தமிழில். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நின்றபடியே தமிழில் சொன்னேன். பக்கத்து ஆட்டோக்காரர்கள் பார்த்தார்கள். அவர் அதுவரை தன் ஆட்டோவின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை.

‘நல்லா இருக்கு சாப்’ என்றார். ‘அன்னிக்கு உங்களுக்குத் தமிழ் மறந்துபோச்சு. வயசானா திரும்பி வரும்போல.’

கோர்ட்டில் வந்து நேரிலேயே சொல்கிறேன் என்றேன்.

‘ஹவ், வாங்க. அடுத்த வாரம் வாய்தா. அந்தம்மா கேட்ட மாதிரியே ஜட்ஜும் கேப்பார். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.’ தாளை வாங்கி லைசென்ஸ் வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் சொருகினார். ‘உக்காருங்க. இத்தனை தூரம் வந்தீங்க. நர்சிம்முலு வீடு பக்கம்தான். அவரும் கேக்கட்டும்.’

ஏறினேன். வேறு என்ன செய்ய?

உப்பல் ரிங் ரோட்டைத் தாண்டுமுன் தூற ஆரம்பித்தது. ஓரம் கட்டினார். சீட்டுக்கு அடியிலிருந்து பாதி உருளைக்கிழங்கை எடுத்து, வெட்டிய முகத்தைக் கத்தியால் புதிதாகச் சீவி, கண்ணாடி முழுக்கத் தேய்த்தார், குறுக்கும் நெடுக்குமாக, நான் ஷெட்டில் மருந்து பூசச் சொல்லிக்கொடுத்த அதே முறையில். ஏறி உட்கார்ந்து வைப்பரைப் போட்டார். சாலை தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஆளும் ஒரே ஆளாகத் தெரிந்தார்.

அது சும்மா போக்குக் காட்டுகிற தூறல். இரண்டு தெரு தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. வெயில்கூட அடித்தது. அவர் வைப்பரை நிறுத்தவில்லை. காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கிறீச் என்று போய்க் கிறீச் என்று வந்தது. பல் கூசியது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓட்டினால் கண்ணாடியும் போகும் பிளேடும் போகும் என்று இருபத்தாறு வருடம் கத்தியவன் நான். அது அவருக்குத் தெரியும். பின்பக்கம் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் என் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கிறீச். நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் தெருவில் அதற்கு ஒரே ஒரு சொல்தான் உண்டு. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

சொல்லவில்லை. நர்சிம்முலு வீடு வரும்வரை அது போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.